தகியன் அம்மா சாலை விதி படித்த வருடம்

எங்கள் ஊரான பாங் சலூத்தில், போக்குவரத்து அலுவலகத்தின் பின்புறம் ஒரு தேர்வு மைதானம் இருக்கிறது. புதிதாக வண்டி ஓட்டக் கற்றவர்கள் சாலையில் சந்திக்க வேண்டிய எல்லாவற்றையும் அரசு அங்கே சிறிய அளவில் ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறது. நில் பலகை, வழிவிடு பலகை, பாதசாரிகள் கடப்பதற்கான வரிக்குதிரைக் கோடுகள், மின் இணைப்பு இல்லாத ஒரு சிக்னல் கம்பம். மைதானத்தின் நடுவே ஒரு தகியன் மரமும் உண்டு. அது மட்டும் அரசு ஏற்பாடு இல்லை. மரம் முதலில் வந்தது, அரசு பிறகு வந்தது.

மரத்தில் தகியன் அம்மா என்ற காவல் தெய்வம் குடியிருக்கிறாள். அடிமரத்தில் ஏழு நிறத் துணி சுற்றியிருக்கும். கீழே உறிஞ்சுகுழல் போட்ட சிவப்பு சோடா பாட்டில்களும், நேர்ந்துகொண்டவர்கள் கொண்டு வந்து வைத்த வரிக்குதிரை பொம்மைகளும் வரிசையாக நிற்கும். அந்த வழியாக வண்டியில் போகிறவர்கள் மூன்று முறை ஹார்ன் அடிப்பார்கள். பிறகு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் கூப்புவார்கள். அதற்குப் பிறகுதான் வண்டி எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். விபத்து நேராமல் காப்பது அம்மாவின் வேலை. நேர்ந்துவிட்டால், அன்றைக்கு ஹார்ன் இரண்டு முறைதான் அடித்திருக்க வேண்டும் என்று ஊர் தீர்மானித்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருக்கவில்லை, புது இயக்குநர் சித்திதேத் வரும்வரை.

சித்திதேத் தலைநகரில் பயிற்சி முடித்தவர். வந்த வாரமே 'புன்னகைப் போக்குவரத்து 5.0' என்ற திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் நான்கு எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. சாலையில் வைக்கும் கூம்புக்கு ஒரு சிரித்த முகம் வரைந்து, கை கால் ஒட்டி, அலுவலக வாசலில் நிற்க வைத்தார். அதனோடு நின்று எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டோம். பிறகு அவர் கையேட்டைத் திறந்தார். தேர்வு மைதானத்தில் 'ஹார்ன் அடிக்காதீர்' பலகை ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், அதுவும் மைதானத்தின் மையத்தில் இருக்க வேண்டும் என்று கையேடு சொன்னது. நாடா பிடித்து அளந்து பார்த்தார்கள். மையத்தில் மரம் நின்றது. மரத்துக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், சிவப்பு வட்டத்துக்குள் குறுக்கே கோடு போட்ட ஊதுகுழல் பலகையை நட்டார்கள்.

மறுநாள் தேர்வுக்கு வந்தவர்கள் எல்லோரும் மரத்தைக் கண்டதும் மூன்று முறை ஹார்ன் அடித்தார்கள். எல்லோரும் தோற்றார்கள்.

அதற்கு மறுநாள் வந்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. முதலில் போன ரப்பர்த் தோட்டத்து ஆள் ஹார்ன் அடிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தைத் தாண்டினார். தாண்டும்போது கிளட்சிலிருந்து கால் நழுவி இன்ஜின் அணைந்துவிட்டது. மனிதர் வண்டியை விட்டு இறங்கி, மரத்தடியில் விழுந்து, மன்னிப்புக் கேட்டு அழுதார். தேர்வின் நடுவே வண்டியை விட்டு இறங்கியதற்காக அவரும் தோற்றார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு, தோற்றாலும் பரவாயில்லை என்று ஹார்ன் அடித்தார்கள்.

இப்படியாக எங்கள் ஊரில் புது ஓட்டுநர்கள் உருவாவது நின்றது.

இதில் உண்மையாகவே மாட்டிக்கொண்டவள் மப்ராங். அவளுடைய அம்மா லம்துவன் சனிக்கிழமைச் சந்தையில் படகு நூடுல்ஸ், அதாவது ஒரு காலத்தில் படகில் வைத்து விற்ற சூப் நூடுல்ஸ், விற்கிறவர். அடுப்பு, பானை, மேசை எல்லாம் பிக்கப் வண்டியின் பின்னால்தான். வண்டி ஓட்டியவர் அப்பா. மாமரத்தில் ஏறி விழுந்து அவர் காலை முறித்துக்கொண்ட பிறகு வண்டி வீட்டு வாசலில் நின்றது. ஒருமுறை உரிமம் இல்லாத ஒருவர் வண்டியைத் சோயாப் பால் கடைக்குள் விட்ட பிறகு, சந்தைக் கமிட்டி ஒரு விதி போட்டிருந்தது. கடைக்கு உரிய குடும்பத்தில் ஒருவர், உரிமத்தைக் காட்டி, தானே வண்டியை ஓட்டி வந்து இடத்தில் நிறுத்த வேண்டும். சோங்க்ரான் புத்தாண்டுத் திருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமை மணி அடிக்கும்போது வண்டி இடத்தில் இல்லை என்றால், அந்த இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போகும். அடுத்தவர் கைப்பேசி உறை விற்கிறவர். இப்போதே வந்து இடத்தை அளந்துவிட்டுப் போயிருந்தார்.

மப்ராங் எல்லாப் பலகைகளையும் மனப்பாடம் செய்திருந்தாள். எழுத்துத் தேர்வில் ஒரு தவறும் இல்லை. வண்டியில் ஏறினாள். பக்கத்தில் தேர்வாளர் தவின் உட்கார்ந்தார். நில் பலகையில் நின்றாள், வழிவிடு பலகையில் வழிவிட்டாள். பிறகு மரம் வந்தது. ஒரு கண் பலகையைப் பார்த்தது. ஒரு கண் மரத்தைப் பார்த்தது. கை ஹார்ன் மேல் போய், பயந்து, தொட்டும் தொடாமலும் மீண்டது. சின்னதாக ஒரு 'பீ' வந்தது.

"என்ன மப்ராங் இது?" என்றார் தவின்.

"அடிக்கலண்ணே. லேசா பட்டுடுச்சு."

"அடிச்சிருந்தா முழுசா அடிச்சிருக்கணும். அடிக்கலன்னா சும்மா இருந்திருக்கணும். இப்ப பலகைக்கும் கோவம், தகியன் அம்மாவுக்கும் கோவம். ரெண்டு பேருக்கும் நடுவுல நான் உக்காந்திருக்கேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"அண்ணே, திருவிழாவுக்குள்ள எனக்கு லைசென்ஸ் வேணும். இல்லன்னா எங்கம்மா கடை போயிடும்."

"எனக்குத் தெரியாதா? வாராவாரம் ரெண்டு கிண்ணம் சாப்பிடறவன் நான்" என்று சொல்லிக்கொண்டே, உண்மையான துக்கத்தோடு, தவின் 'தோல்வி' என்று எழுதினார்.

மாதக் கடைசியில் மாநிலத் தலைமையகத்திலிருந்து தொலைபேசி வந்தது. தேர்ச்சி விகிதம் பூஜ்யம் என்று காட்டுகிறதே, கணினியில் ஏதாவது பழுதா என்று கேட்டார்கள். இயக்குநர் உடனே ஆலோசனைக் கூட்டம் போட்டார். கூட்டத்தில் துளசி இலை போட்ட பன்றிக்கறிச் சோறும் பொரித்த முட்டையும் பரிமாறப்பட்டன. முட்டை முடிந்ததும் விவாதம் தொடங்கியது.

"பலகையை ரெண்டடி தள்ளி நட்டுடலாமே ஐயா" என்றார் தவின்.

"முடியாது. மையம்னா மையம். ரெண்டடி தள்ளினா அது மையம் இல்ல, ஓரம்."

"அப்ப மைதானத்தையே ரெண்டடி தள்ளிப் போட்டா?"

இயக்குநர் சற்று யோசித்தார். "அதுக்கு நிதி ஒதுக்கீடு வேணும்."

"அப்ப மரத்தை..." என்று யாரோ ஆரம்பித்தார்கள். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார்கள். ஆரம்பித்தவர் தனக்கு இருமல் வந்ததாகக் காட்டிக்கொண்டார்.

"சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பினரோட கருத்தையும் கேட்டோமா?" என்றார் இயக்குநர். தலைநகரில் கற்றுக்கொண்ட வாக்கியம் அது. "ஹார்ன் யாருக்கு அடிக்கிறாங்களோ, அவங்க கருத்தைக் கேக்காம நாம முடிவெடுக்கறது ஜனநாயகம் இல்ல."

அலுவலக வாசலுக்கு எதிரே வாழைப்பழம் பொரித்து விற்கும் புவாலோய் அத்தையின் மேல் தகியன் அம்மா அவ்வப்போது இறங்குவது வழக்கம். அத்தையை அழைத்து வந்தார்கள். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, மரத்தடியில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, மூன்று கொட்டாவி விட்டார். குரல் மாறியது.

"எதுக்குடா கூப்பிட்டீங்க?"

இயக்குநர் கை கூப்பினார். "அம்மா, தங்களைக் கடந்து போறவங்க ஹார்ன் அடிக்கலன்னா தங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

"நானா அடிக்கச் சொன்னேன்? காலையில கண் அசர முடியல. இவனுங்க பீ பீன்னு."

ஊர் இத்தனை வருடமாக அடித்த ஹார்ன் எல்லாம் கண்முன்னே வந்து போயிற்று.

"அப்ப, பலகையில போட்டிருக்கறதை அம்மா ஒத்துக்கறீங்க?"

"எந்தப் பலகை? அதுல யாரோ ஊதுகுழல் படம் போட்டு அடிச்சு வெச்சிருக்காங்க. கல்யாணத்துக்கு வர்ற வாத்தியக்காரனைத் துரத்தறதுக்குன்னு நெனச்சேன்."

இயக்குநரின் முகம் கவலையில் ஆழ்ந்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "கவனிச்சீங்களா? சாலை நடுவுல நிக்கறவங்களுக்கே சாலைக் குறியீடு தெரியல. விழிப்புணர்வு கடைக்கோடி வரைக்கும் போய்ச் சேரல. குறியீடு தெரியாதவங்க ஒத்துக்கிட்டா அது ஒப்புதலே ஆகாது. அம்மாவை அடுத்த பயிற்சி வகுப்புல சேருங்க."

சேர்த்தார்கள். பதிவு செய்ய விரல்ரேகை வேண்டும். புவாலோய் அத்தையின் விரலை வைத்தால் அது அத்தையின் பதிவாகிவிடும் என்று தவின் சுட்டிக்காட்டினார். ஆகவே மரத்திலிருந்து தானாக உதிர்ந்த ஒரு பட்டையை, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இயந்திரத்தில் வைத்தார்கள். இயந்திரம் ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டது. எங்கள் விரல்களை அது அப்படி ஏற்றுக்கொண்டதே இல்லை. அடுத்தது கண் பரிசோதனை. அம்மாவுக்குச் சிவப்பு நிறம் தெரியும் என்பதற்கு அங்கே இருந்த சோடா பாட்டில்களே போதிய சான்று என்று எழுதி முத்திரை குத்தினார்கள்.

வகுப்பு நாளன்று முன்வரிசையில் ஒரு நாற்காலிக்கு மாலை போட்டு, பக்கத்தில் சோடா வைத்து, அதில் புவாலோய் அத்தையை உட்கார வைத்தார்கள். பின்வரிசையில் தோற்றவர்கள் எல்லோரும் இருந்தோம். மப்ராங் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். காணொளி ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மனிதர்கள் தூங்கிவிட்டார்கள். அம்மா மட்டும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைகீழ் முக்கோணம் திரையில் வந்தது.

"இது என்னடா, இலையில மடிச்ச பலகாரம் கவுந்து கெடக்கு?"

"வழி விடுங்கன்னு அர்த்தம் அம்மா" என்றார் வகுப்பு நடத்திய தவின்.

"அதுக்கு எதுக்குப் பலகை? எதிர்ல ஆள் வந்தா வழி விட மாட்டீங்களா?"

பாடத்திட்டத்தில் இதற்கு விடை இல்லாததால் தவின் அடுத்த படத்துக்குப் போனார். வரிக்குதிரைக் கோடுகள்.

"இதுல ஆள் கடந்தா வண்டி நிக்கணும் அம்மா."

"நிக்கணுமா?" அம்மா நாற்காலியில் நிமிர்ந்தாள். "உங்க தாத்தனுங்க மாட்டு வண்டியில போன நாள்லேருந்து நான் ரோட்டைத்தான் பாத்துக்கிட்டு நிக்கறேன். இந்தக் கோட்டுல ஒருத்தன் நின்னு பாத்ததில்லை. அதான் எல்லாரும் எனக்குக் கோடு போட்ட குதிரையா கொண்டாந்து குடுக்கறீங்களா? கோட்டுல நிக்கறதுக்குப் பதிலா பொம்மையா?"

சிலர் தூக்கம் கலைந்து தலையைக் குனிந்துகொண்டோம்.

வகுப்பு முடிந்ததும் வாய்மொழித் தேர்வு. மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, வகுப்பு முழுவதும் ஒரே குரலில், "வேகமா போகணும்!" என்றோம்.

"நிக்கத் தயாராகணும்" என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்துவிட்டோம். பாவம், பழைய காலத்து மனுஷி. தவின் இரக்கத்தோடு விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தார். ஒருமுறை பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுமுறை பார்த்தார். பிறகு விடைத்தாளை அடுத்த தேர்வாளரிடம் காட்டினார். அம்மா சொன்னதுதான் சரி என்று அச்சாகியிருந்தது.

அம்மா முழு மதிப்பெண் பெற்றாள். தேர்ச்சி விகிதம் பூஜ்யத்தைத் தாண்டியது. படத்துக்காக மைதானத்துக்கு மாற்றிய கூம்புப் பொம்மை ஒருபக்கம், மரம் மறுபக்கம், நடுவே இயக்குநர் கட்டைவிரலை உயர்த்தி நிற்கும் படம் தலைமையகத்துக்குப் போயிற்று. பாராட்டு வந்தது. 'உள்ளூர் ஞானத்தை நிர்வாகத்தோடு இணைத்தல்' என்று ஒரு சொற்றொடர் அந்த வருடம் தலைநகரில் மிகவும் நாகரிகமாக இருந்தது. மற்ற ஊர் அலுவலகங்கள் அதைச் சுவரொட்டியாக ஒட்டியிருந்தன. எங்கள் அலுவலகம் அதைச் செயல்படுத்தியே விட்டது. முழு மதிப்பெண் பெற்ற ஒரே நபர் என்ற முறையில், தகியன் அம்மா கௌரவத் தேர்வாளராக நியமிக்கப்பட்டாள்.

தவினுக்கு அதில் ரகசியமாக ரொம்ப சந்தோஷம். "இனிமே அந்த சீட்டுல நான் உக்கார வேண்டாம்" என்று மனைவியிடம் சொன்னாராம்.

சோங்க்ரானுக்கு இரண்டு வாரம் இருந்தது. முதல் ஆளாக மப்ராங் வண்டியில் ஏறினாள். பக்கத்து இருக்கையில் புவாலோய் அத்தை, அதாவது அம்மா, வெற்றிலையை மென்றபடி பெல்ட் போட்டுக்கொண்டாள். நில் பலகை முடிந்தது. வழிவிடு பலகை முடிந்தது. மரம் நெருங்கியது. மப்ராங்கின் கை பழையபடி ஹார்ன் மேல் போயிற்று.

"யாருக்குடீ அடிக்கப் போற?"

"உங்களுக்குத்தான் அம்மா."

"நான் இங்க உன் பக்கத்துல இருக்கேன். அங்க யாரு இருக்கா?"

மப்ராங் மரத்தைப் பார்த்தாள். "யாரும் இல்ல."

"அப்பறம்?"

அவள் கையை ஸ்டியரிங்குக்குக் கொண்டுவந்தாள். மரம் நிழலோடு வந்து, நிழலோடு போயிற்று. ஒரு சத்தமும் இல்லை. மைதானத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற நாங்கள் மூச்சு விட்டோம். வரிக்குதிரைக் கோட்டில் அலுவலக நாய் படுத்திருந்தது. மப்ராங் நிறுத்தினாள். நாய் எழுந்து, சோம்பல் முறித்து, இரண்டு தரம் சுற்றி, அதே இடத்தில் மறுபடி படுத்தது. அவள் காத்திருந்தாள். கடைசியில் நாய்க்கே வெட்கமாகி எழுந்து போன பிறகுதான் வண்டியை நகர்த்தினாள்.

"நல்லா ஓட்டற" என்றாள் அம்மா. "எங்க போகணும் உனக்கு?"

"சந்தைக்கு. அப்பறம்..." மப்ராங் தயங்கினாள். "கடல் வரைக்கும் ஒரு தடவ ஓட்டிக்கிட்டுப் போகணும் அம்மா. யாரும் கூட வராம."

"போ. யாரு வேண்டாங்கறா?"

அவள் தேர்ச்சி பெற்றாள். உரிமத்தில் அம்மாவின் கையொப்பத்துக்குப் பதிலாகப் பட்டையின் அச்சு விழுந்திருந்தது. மப்ராங் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினாள். அவர் கட்டுப் போட்ட காலோடு எழுந்து நிற்க முயன்று திட்டு வாங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர் எதிர்பார்க்கவில்லை. மரம் காலி, ஹார்ன் பிரச்சினை தீர்ந்தது, இனி எல்லோரும் தேறிவிடலாம் என்று வரிசையில் நின்றோம். அம்மா ஒருவரையும் தேர்ச்சி பெற விடவில்லை. காரணம் எளிமையானது. அவள் விதிகளைப் படித்திருந்தாள்.

ஒருவர் கோட்டில் நிற்காமல் போனார், தோல்வி. ஒருவர் விளக்குப் போடாமல் திரும்பினார், தோல்வி. ஊர்த் தலைவரின் மருமகன் பாதி வழியில் கைப்பேசியை எடுத்தான்.

"இறங்கு" என்றாள் அம்மா.

"நான் யாருன்னு தெரியுமா? தலைவரோட மருமகன்."

"தலைவரு எந்தப் பலகையில வர்றாரு? முக்கோணமா, வட்டமா?"

சிலர் சோடாவோடு வந்தார்கள். அம்மா சோடாவைக் குடித்துவிட்டுத் தோற்கடித்தாள். ஒருவர் வரிக்குதிரை பொம்மையை நீட்டினார். அம்மா அதை வாங்கிச் சாலையில் இருந்த கோட்டின் மேல் வைத்தாள். "இப்ப இது கடக்குது. நில்லு" என்றாள். அவர் நிற்கவில்லை. பொம்மை உடைந்தது.

கடைசியில் இயக்குநரின் சொந்த உரிமம் காலாவதியானது. வழிகாட்டியாக இருக்கும் பொருட்டு, எல்லோர் முன்னிலையிலும் அவரே தேர்வுக்கு வந்தார். வண்டியில் ஏறினார். சாவியைத் திருப்பினார். வண்டி நகர்ந்தது. பக்கத்தில் அம்மா இருக்கிறாள் என்ற பக்தியில், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் கூப்பினார்.

வண்டி போய்க் கூம்புப் பொம்மையின் சிரித்த முகத்தில் முட்டி நின்றது.

"தோல்வி" என்றாள் அம்மா.

அன்று மாலையே ஊரில் கருத்து ஒன்றுபட்டது. இதுவரை எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். அம்மா கண்டிப்பானவள், நியாயமானவள், எங்கள் எல்லோருக்கும் தாய் போன்றவள். ஆகவே இப்படிப்பட்டவளின் சேவை இந்தச் சின்ன ஊரோடு முடங்கிவிடக் கூடாது. தலைமையகமும் அவ்வாறே கருதியது. மூன்றாம் நாள் ஆணை வந்தது. கௌரவத் தேர்வாளர் தகியன் அம்மா, நிர்வாக நலன் கருதி, வடக்கே பர்மிய எல்லையை ஒட்டிய மலைக் கிராமத்துக்கு மாற்றப்படுகிறாள். உடனடியாகப் பொறுப்பேற்க வேண்டும்.

வழியனுப்பு விழா சிறப்பாக நடந்தது. மரத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார்கள். இயக்குநர் கண் கலங்கிப் பேசினார். மாற்றல் ஆணையை மாலைக்கு நடுவே அடிமரத்தில் கட்டினார்கள். புவாலோய் அத்தை வெற்றிலை போட்டுக் கொட்டாவி விட்டுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"என்ன அத்தை, அம்மா வரலையா?" என்று கேட்டாள் மப்ராங்.

"எங்கடீ வர்றது? டூட்டில சேந்திருப்பாங்க. அங்க வாழைப்பழம் பொரிக்கறவ எவ கெடச்சாளோ." அத்தை எண்ணெய்ச் சட்டிக்குத் திரும்பினார்.

மறுவாரத்திலிருந்து தவின் பழைய இருக்கையில் உட்கார்ந்தார். காலி மரத்தை மரியாதைக்குரியதாகக் கருதத் தேவையில்லை என்று சுற்றறிக்கை வந்தது. ஆனாலும் அம்மா விடுமுறையில் வந்திருக்கலாம் என்ற எச்சரிக்கையில் எல்லோரும் மூன்று முறை ஹார்ன் அடித்தோம். தவின் காது கேளாதவர் போல இருந்தார். எல்லோரும் தேறினோம். இயக்குநர் முதல் ஆளாகத் தேறினார்.

சோங்க்ரானுக்கு முந்தைய சனிக்கிழமை வந்தது. விடிவதற்கு முன்பே லம்துவன் பானையில் சூப்பைக் கொதிக்க வைத்து, மூடிக் கட்டி, பிக்கப்பில் ஏற்றிவிட்டார். மப்ராங் பெல்ட் போட்டாள், கண்ணாடிகளைச் சரி செய்தாள், புறப்பட்டாள். ஊர் முழுவதும் சந்தைக்குப் போகிற நேரம். எல்லா வண்டிகளும் அவளுக்குப் பின்னால் இருந்தன, ஏனென்றால் அவள் வேக வரம்பில் போய்க்கொண்டிருந்தாள்.

சந்தைக்கு முன்னால் ஒரு நாற்சந்தி. அங்கே ஒரு சிக்னல். சிவப்பு எரிந்தது. மப்ராங் நிறுத்தினாள், வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னதாக.

அந்தச் சிக்னலைப் பற்றி ஊருக்குத் தெரியும். போன வருடத்துக்கு முந்தைய வருடம் இடி விழுந்ததிலிருந்து அது சிவப்பிலேயே நிற்கிறது. அதற்குப் பச்சை வராது. யாரும் அதைச் சிக்னலாக நினைப்பதில்லை. இரவில் வெளிச்சத்துக்கு உதவும் ஒரு தெருவிளக்கு, அவ்வளவுதான்.

"ஏன்டீ நிறுத்திட்ட?" என்றார் லம்துவன்.

"சிவப்பும்மா."

"அது எப்பவும் சிவப்புடீ!"

"அப்படின்னா எப்பவும் நிக்கணும்."

பின்னால் முதல் ஹார்ன் கேட்டது. பிறகு எல்லா ஹார்ன்களும். பாங் சலூத்தில் இருந்த அத்தனை உரிமதாரர்களும், உரிமம் இல்லாதவர்களும், அந்த வாரம்தான் உரிமம் வாங்கியவர்களும் அடித்தோம். பக்கவாட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் வழுக்கிக்கொண்டு போயிற்று. அதன் பின்னால் பெட்டி கட்டியிருந்தது. கைப்பேசி உறைக்காரர்.

"மப்ராங், கண்ணு, அவன் போறான் பாரு. மணி அடிச்சிடுவாங்க. ஒரே ஒரு தடவ போயிடு. யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்கறேனேம்மா."

"பெரிய இவ! கடை போனா சோறு யாரு போடுவா, உன் பலகையா?"

மப்ராங்கின் கண்ணில் நீர் நின்றது. கால் பிரேக்கிலிருந்து எடுக்கப்படவில்லை. சந்தை மணி அடித்தது. மணி ஓய்ந்ததும் அந்த இடம் கைப்பேசி உறைக்காரருடையதாயிற்று.

லம்துவன் வண்டியிலிருந்து இறங்கி, பின்பக்கத் தகட்டைப் படாரென்று திறந்தார். கொதித்த சூப்பைக் கொட்டவா முடியும்? அடுப்பைப் பற்ற வைத்தார். பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து, "அடிங்கடா, அடிங்க! அடிச்சு முடிச்சிட்டு வந்து தின்னுட்டுப் போங்க!" என்று கத்தினார்.

பட்டையும் அன்னாசிப்பூவும் போட்ட சூப்பின் வாசனை சாலையில் இறங்கி வந்தது. முதலில் ஒரு ஹார்ன் நின்றது. அப்புறம் இன்னொன்று. வண்டியை விட்டு இறங்கி வந்தவர்கள் கிண்ணத்தோடு சாலை நடுவிலேயே நின்று சாப்பிட்டார்கள். ஏற்கெனவே நிற்பதால் யாருக்கும் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கவில்லை. சந்தையில் இருந்தவர்களும் எழுந்து வந்தார்கள்.

போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். உரிமம் இருந்தது. பெல்ட் போட்டிருந்தது. கோட்டைத் தொடவில்லை. சிக்னலில் நிற்பதற்குத் தண்டனை எந்தச் சட்டத்திலும் இல்லை. நகரச் சொல்லலாம் என்றால், சிவப்பில் நகரச் சொன்ன குற்றம் அவர் மேல் வரும். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, காரம் தூக்கலாக ஒரு கிண்ணம் கேட்டார்.

அடுத்த வாரமும் விளக்கு சிவப்பாகவே இருந்தது, பிக்கப்பும் அதே இடத்தில் நின்றது. அதற்கு அடுத்த வாரமும். சிவப்பில் நகரக் கூடாது என்று நினைப்பவள் மப்ராங் மட்டும்தான் என்பதால், மற்றவர்கள் சாப்பிட்டு முடித்ததும் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டார்கள். நெடுஞ்சாலைத் துறை வந்து அதற்கு வசதியாக அம்புக்குறிகள் வரைந்து கொடுத்தது. பிக்கப்பைச் சுற்றி மேசைகளுக்கும் மஞ்சள் கோடு போட்டது. எங்கள் ஊரில் சிக்னலில் நிற்பவர் எண்ணிக்கை நாட்டிலேயே முதலிடம் என்று இயக்குநர் பரிசு வாங்கி வந்தார்.

செய்தியைப் படித்துவிட்டுத் தலைநகரிலிருந்து சிக்னலைப் பழுது பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஊரே போய் ஏணியைச் சுற்றி நின்றோம். சரி செய்யக் கூடாது என்று மனுக் கொடுத்தோம். காவலர் கையெழுத்துப் போட்டார், இயக்குநர் போட்டார், தவின் போட்டார். இரண்டு உதவியாட்கள் வைக்கும் அளவுக்குக் கடை இப்போது ஓடுவதால் லம்துவனும் போட்டார். ஆட்கள் ஆளுக்கு ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, பழுது எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துப் போனார்கள்.

மனு மப்ராங்கிடம் வந்தபோது மட்டும் அவள் கையெழுத்துப் போடவில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் ஓட்டுநர் இருக்கையில், பெல்ட் போட்டுக்கொண்டு, விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். நாற்சந்திக்கு அந்தப் பக்கம் கடலுக்குப் போகிற சாலை நேராகக் கிடக்கிறது. பாங் சலூத்தில் வண்டி ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நகராத வண்டியும் அது ஒன்றுதான்.